பரண்மேல் இருந்த 4 வாட்: பண்பொழியில் ஒரு வால்வு ரேடியோ



இந்த எபிசோடை ஒரு சத்தத்தோட ஆரம்பிச்சிருந்தேன். ஆடியோ கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துல வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். முதல்ல "டக்"னு ஒரு சுவிட்ச். அப்புறம் ஒண்ணுமே இல்லை. இருபது, இருபத்தஞ்சு செகண்ட் அமைதி. பிறகு ரொம்ப மெல்லிசா ஒரு "ம்ம்ம்". அதுக்கு மேல ஒரு கிட்டார். மெதுவா மீட்டினா தண்ணிக்குள்ள மணி அடிச்ச மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தி மீட்டினா, உச்சஸ்தாயியைப் பிடிக்கப்போற பாடகரோட தொண்டை மாதிரி லேசா கரகரக்கும்.

இது எந்த ஆம்ப்னு சென்னையில இருக்கிற என் பேண்டு நண்பர்கள்கிட்ட கேட்டேன். ஒருத்தர் ஃபெண்டர் சாம்ப்னு சொன்னார். இன்னொருத்தர் வாக்ஸ்னு அடிச்சுச் சொன்னார். ரெண்டும் இல்லை. அது பண்பொழியில எங்க ஆச்சி வீட்டுப் பரண்ல கிடந்த ஒரு வால்வு ரேடியோ.

ஆனா அவங்க சொன்னதும் முழுசா தப்பு இல்லை. ஏன் தப்பு இல்லைங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

நூறு ரூபாய்க்குப் போகவேண்டிய பெட்டி

பண்பொழி தெரியாதவங்களுக்கு: தென்காசி மாவட்டம், செங்கோட்டைக்குப் பக்கம். ஊருக்கு மேற்கே குன்றின்மேல் திருமலைக் குமாரசுவாமி கோயில், அதுக்குப் பின்னால மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றாலத்துல சாரல் விழுந்தா எங்களுக்கும் காத்தும் தூறலும் வந்துடும். துணி காய நாலு நாள் ஆகும்.

போன சாரல் சீசன்ல ஆச்சி வீட்டு ஓடு மாத்த வேண்டியிருந்தது. அதுக்காகப் பரணைக் காலி பண்ணினோம். பித்தளைக் குத்துவிளக்கு, உடைஞ்ச தொட்டில், ரெண்டு டிரங்குப் பெட்டி, அப்புறம் இந்த ரேடியோ. பழைய சாமான் எடுக்கிறவர் தட்டிப் பார்த்துட்டு, "இது மரமும் கண்ணாடியுமால்லா இருக்கு, எடைக்கு ஒண்ணும் தேறாது. வேணும்னா நூறு ரூவா தாரேன்"னார்.

நான் சும்மா பின்னட்டையைக் கழட்டிப் பார்த்தேன். தூசிக்குள்ள அஞ்சு கண்ணாடிக் குழாய்கள். ஒண்ணைத் துடைச்சேன். "பி.இ.எல்."னும் "இஎல்84"னும் எழுத்து தெரிஞ்சுது. எனக்குக் கை நின்னுபோச்சு. ஏன்னா அந்த நம்பரை நான் நிறைய தடவை பார்த்திருக்கேன். என் நண்பர் பொக்கிஷமா வச்சிருக்கிற இங்கிலாந்து கிட்டார் ஆம்புக்குள்ள இருக்கிறதும் இஎல்84தான். அது போனா ஒரு வால்வுக்கு அவர் கொடுக்கிற விலை, இந்த முழுப் பெட்டிக்கு இவர் சொன்ன விலையைவிடப் பல மடங்கு.

உண்மையைச் சொல்லிடறேன். முதல்ல எனக்கு வந்த யோசனை, வால்வைப் பிடுங்கிட்டு பெட்டியைக் கொடுத்துடலாம்ங்கிறதுதான். கை வச்சுட்டேன். பின்னாலேர்ந்து ஆச்சி குரல்: "ஏட்டி, அதுல என்னத்தப் பிடுங்குத? தாத்தா வாங்குனதுலா அது."

அதனால அன்னைக்குப் பிடுங்கலை. ஆனா ஒரு கேள்வி ஒட்டிக்கிச்சு. பண்பொழிப் பரண்ல இருக்கிற ரேடியோவுக்கும் லண்டன் மேடையில நின்ன ஆம்புக்கும் எப்படி ஒரே வால்வு?

மடையைத் திறக்கிற விரல்

முதல்ல வால்வுன்னா என்னன்னு பார்த்துடுவோம். ரெண்டே நிமிஷம்.

கண்ணாடிக் குழாய்க்குள்ள காத்தை உறிஞ்சி எடுத்துட்டாங்க. நடுவுல ஒரு உலோகத் தண்டு. அதைச் சூடாக்கினா எலெக்ட்ரான்கள் பொங்கி வெளியே வரும். எதிர்ல ஒரு தகடு, அதுல 250 வோல்ட் அளவுக்கு பாசிட்டிவ் மின்சாரம். எலெக்ட்ரான்கள் தகட்டை நோக்கிப் பாயும், திரும்பி வராது. ஒருவழிப் பாதைங்கிறதாலதான் அதுக்கு வால்வுன்னு பேரு. 1904-ல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இங்கிலாந்துல இதைச் செஞ்சார்.

1906-ல் அமெரிக்காவுல லீ டி ஃபாரஸ்ட் இதுக்கு நடுவுல ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அங்கதான் மொத்தக் கதையும் மாறுது. குளத்து மடையை நினைச்சுக்கோங்க. அந்தப் பக்கம் குளம் முழுக்கத் தண்ணி, இந்தப் பக்கம் வயல். மடைப் பலகையை ஒருத்தர் ஒரு சாண் ஏத்தி இறக்கினா, பாயுற தண்ணி கூடும், குறையும். பலகையை அசைக்கிற கைக்குப் பெரிய பலம் வேண்டாம். பலம் குளத்துத் தண்ணியோடது. வால்வுல அந்தக் கம்பி வலைதான் மடைப் பலகை. ரேடியோ சிக்னலோ, கிட்டார் கம்பியோட அதிர்வோ, எது வந்தாலும் அந்தச் சின்ன அசைவு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும். இதுதான் ஆம்ப்ளிஃபயர்.

தண்டு சூடாக நேரம் ஆகும். சுவிட்ச் போட்டதும் வந்த அந்த இருபது செகண்ட் அமைதி அதனாலதான்.

கொழும்பைக் கேட்ட தெருக்கள்

சரி, இந்தப் பெட்டி எங்க ஊருக்கு எப்படி வந்துது?

முதல்ல கரண்ட் வரணும். எங்க பக்கத்து மலையிலேர்ந்தே வந்துது. தாமிரபரணி மேல பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓட ஆரம்பிச்சுது. நிலையங்களைப் பார்த்தா, மெட்ராஸ் வானொலி 1938, திருச்சி 1939. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-ல்தான் தொடங்குது. அதுவரைக்கும் எங்க ஊர் ரேடியோவுக்கு நெருக்கமான குரல் எது தெரியுமா? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கொழும்பு.

அதுக்கு ஒரு அரசியல் காரணமும் உண்டு. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மேல அவ்வளவு பிரியம் இல்லாதவர். அவர் காலத்துல ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டு காணாமலே போச்சு. ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பினாங்க. ரேடியோ சிலோன் பக்கம் போயிட்டாங்க. எஸ்.பி. மயில்வாகனன் குரல் தமிழ்நாட்டு வீடுகள்ல சொந்தக்காரர் குரல் மாதிரி ஆச்சு. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கினதே இந்தக் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்கத்தான்.

அப்போ ரேடியோ வச்சுக்க லைசென்ஸ் வேணும். தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டணும். 1980-களின் நடுவுல அது ஒழியிற வரைக்கும் இப்படித்தான். எல்லா வீட்டுலயும் செட் இருக்காது. டீக்கடை, பஞ்சாயத்து ரேடியோ, இல்லைன்னா எங்க வீடு மாதிரி ஒரு வீட்டுத் திண்ணை. ஆச்சி சொல்வாங்க, பாட்டு கேக்க வாரவங்களுக்குத் தண்ணி கொடுத்தே செம்பு தேஞ்சுதாம்.

இப்போ வால்வுக்கு வருவோம். பெங்களூருல 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொடங்கினாங்க. பி.இ.எல். ராணுவத்துக்கான மின்னணுக் கருவிகள் செய்யிற அரசு நிறுவனம். 1961-ல் அங்க ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சாங்க. தொழில்நுட்பக் கூட்டாளி, பிலிப்ஸ். ஐரோப்பாவுல இஎல்84-ஐக் கொண்டுவந்ததும் அதே பிலிப்ஸ் குடும்பம்தான். ரேடியோவுக்காகவும் கிராமபோன் செட்டுக்காகவும் செஞ்ச வால்வு அது. கிட்டார் யாரோட மனசுலயும் இல்லை.

அதே காலத்துல இங்கிலாந்துல வாக்ஸ்காரங்க ஆம்ப் செய்யும்போது கைக்குக் கிடைச்ச வால்வும் அதுதான். பீட்டில்ஸ் வாசிச்ச ஏசி30-க்குள்ள நாலு இஎல்84. அதோட கடைக்குட்டித் தம்பி, பழகுறவங்களுக்காக வந்த ஏசி4-க்குள்ள ஒண்ணே ஒண்ணு. சுமார் 4 வாட். எங்க தாத்தா ரேடியோவுலயும் கடைசிப் படியில ஒண்ணே ஒண்ணு. அதுவும் கிட்டத்தட்ட அதே 4 வாட். பெட்டியைப் பிரிச்சு சர்க்யூட்டை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ஸ்பீக்கர் பக்கத்துப் பாதி ரெண்டும் அண்ணன் தம்பி.

ரேடியோ மெக்கானிக் செஞ்ச ஆம்ப்

இது தற்செயல் இல்லை. கிட்டார் ஆம்ப்ங்கிற பொருளே ரேடியோ ரிப்பேர் கடையிலேர்ந்து வந்ததுதான்.

லியோ ஃபெண்டர் பேரை கிட்டார்ல பார்த்திருப்பீங்க. அவர் கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்ட்டன்ங்கிற ஊர்ல 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கடைசிவரைக்கும் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகள்ல இருந்த சர்க்யூட்டுகளைத்தான் எடுத்து, கிட்டாருக்குத் தோதா மாத்தினார். 1940-களின் கடைசியில மாணவர்களுக்குன்னு ஒரு சின்ன ஆம்ப் போட்டார். அதுதான் பின்னாடி சாம்ப். கடைசிப் படியில 6வி6-ன்னு ஒரே வால்வு, சுமார் 5 வாட். 1950-கள்ல வந்த சாம்ப்ல ஒரே ஒரு திருகுதான்: வால்யூம்.

எல்லாத் திருகையும் முழுசாத் திருப்பினா சத்தம் உடையும். அன்னைக்கு அது குறை. என்ஜினியர்கள் அதை ஒழிக்கப் பாடுபட்டாங்க. வாசிக்கிறவங்கதான் வேற மாதிரி கேட்டாங்க.

1964-ல் லண்டன்ல தி கிங்க்ஸ் பேண்டோட டேவ் டேவிஸ், எல்பிகோன்னு ஒரு மலிவான பச்சை நிறக் குட்டி ஆம்ப் வச்சிருந்தார். அதோட ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால கீறிட்டார். அந்தக் கிழிசல் சத்தத்தை ஒரு பெரிய வாக்ஸுக்குள்ள விட்டார். "யூ ரியலி காட் மீ" பாட்டுல கேக்கிற சத்தம் அதுதான். 1970-ல் எரிக் கிளாப்டன் "லைலா" ஆல்பம் பதிவு பண்ணப்போ, பெரிய ஆம்புகளை விட்டுட்டு, மாணவர்களுக்குன்னு செஞ்ச அந்தச் சாம்பைத்தான் எடுத்தார். கேக்கும்போது மலை மாதிரி இருக்கும்; பெட்டி நம்ம ஆள் மடியில வச்சுக்கலாம்.

ஏன் சின்ன ஆம்ப்? 50 வாட் ஆம்ப் திணறணும்னா அந்தத் தெருவே காது பொத்தணும். 5 வாட் ஆம்ப் சீக்கிரம் திணறும். இன்னொண்ணு: 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் நடுவுல 10 டெசிபல்தான் வித்தியாசம். நம்ம காதுக்கு அது பத்து மடங்கு இல்லை, சுமார் ரெண்டு மடங்கு சத்தம்தான். அதனால 5 வாட்டுன்னா கிசுகிசுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு ஹாலுக்கு அது தாராளம்.

ஜீவா வச்ச சத்தம்

சரி, திணறுற சத்தம் ஏன் இனிக்குது? நான் கிட்டார் பழகறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் பாட்டு கிளாஸ் போனவ. அதனால தம்புராவை வச்சே சொல்றேன்.

தம்புராவுல குதிரைமேல கம்பிக்கு அடியில ஒரு நூல் வைப்பாங்க. ஜீவா. நூலை எடுத்துட்டா கம்பி "டொங்"னு மொட்டையா ஒலிக்கும். நூலைச் சரியான இடத்துல நகர்த்தினா, "ஞொய்ங்"னு ஒரு ரீங்காரம் விரியும். சுத்தமான ஒலியைக் கொஞ்சம் கெடுக்கிறோம்; கெடுத்ததும் அதுக்குள்ளேர்ந்து மேல் ஸ்வரங்கள் வெளியே வருது. அதுக்கு நம்மாளுங்க வச்ச பேரு உயிர்.

வால்வு செய்யறதும் இந்த ஜாதி வேலைதான். சிக்னல் அளவுக்கு மீறிப் போகும்போது டிரான்சிஸ்டர் ஆம்ப் அதோட தலையைக் கத்தரிக்கோல்ல வெட்டின மாதிரி நறுக்கும். அப்போ காதைக் கீறுற மேல் ஒலிகள் நிறைய வரும். வால்வு அப்படி நறுக்காது. தண்ணி அரிச்ச கரை மாதிரி மெதுவா வளைக்கும். அதுலயும் ஒரே வால்வு வச்ச ஆம்ப், அலையோட ஒரு பக்கத்தை அதிகமா வளைக்கும், இன்னொரு பக்கத்தைக் குறைவா. அதனால ரெண்டாம் ஹார்மோனிக் தூக்கலா வரும். ஸ-வை வாசிச்சா அது மேல் ஸ. இன்னும் அழுத்தினா மூணாவது சேரும். அது மேல் ப. ஒரு கம்பியை மீட்டினா அதோட சுருதியும் பஞ்சமமும் கூடவே பாடுற மாதிரி இருக்கிறது அதனாலதான். ராக் கிட்டார்காரங்க பவர் கார்டுன்னு சொல்றதுலயும் இந்த ஸ-வும் ப-வும்தான் இருக்கு. வேற ஸ்வரங்கள் சேர்ந்தா கரகரப்புல கலங்கிடும். இந்த ரெண்டும் கலங்காது.

இன்னொரு விஷயம், லோ வோல்டேஜ். "சாயங்காலம் ஆறு மணி ஆனா பல்பு மஞ்சளா அழும், ரேடியோவும் அழும்"னு ஆச்சி சொல்வாங்க. வால்வுக்கு வோல்டேஜ் குறைஞ்சா, அது திணற ஆரம்பிக்கிற எல்லையும் கீழே இறங்கும். குறைஞ்ச சத்தத்துலயே மென்மையா உடையும். 1978-ல் வந்த வான் ஹேலன் முதல் ஆல்பத்துச் சத்தத்துக்குப் பின்னால, எடி வான் ஹேலன் வேரியாக்னு ஒரு கருவியால ஆம்புக்குப் போற வோல்டேஜைக் குறைச்சு வாசிச்ச கதை இருக்கு. எங்க ஊர்ல அதுக்குக் கருவியே தேவைப்படலை.

அப்போ நம்ம ஊர்ல ஏன் நடக்கலை?

வால்வு இருந்துது, பெட்டி இருந்துது, லோ வோல்டேஜ்கூட இருந்துது. எலெக்ட்ரிக் கிட்டார்தான் இல்லை. அது இந்தியாவுக்கே புதுசுன்னு நினைக்காதீங்க. லக்னோவுல பிறந்த வான் ஷிப்லி, சினிமாப் பாட்டு மெட்டுகளை எலெக்ட்ரிக் கிட்டார்ல வாசிச்சு இசைத்தட்டு போட்டவர். 1970-லயும் 71-லயும் சிம்லா பீட்னு ஒரு சிகரெட் கம்பெனி போட்டியில கல்லூரிப் பசங்க பேண்டுகள் வாசிச்சது ஆல்பமாவே வந்துது. ஆனா இதெல்லாம் பெரிய நகரங்களோட கதை. வெளிநாட்டு ஆம்ப் வாங்கணும்னா இறக்குமதிக் கட்டுப்பாடு, வரி. உள்ளூர் மெக்கானிக் கையால செஞ்சதுதான் பலருக்கும்.

எங்க பக்கம் வால்வு ஆம்ப் போன இடம் வேற. மைக் செட். கல்யாணம், கொடை, தேர்தல் கூட்டம், வில்லுப்பாட்டு, எல்லாத்துக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் தென்னைமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கரும். 1962-ல் "கொஞ்சும் சலங்கை" படத்துல எஸ். ஜானகி குரலோட போட்டி போட்டுக் காருகுறிச்சி அருணாசலம் வாசிச்ச நாகஸ்வரத்தை எங்க ஜில்லாக்காரங்க எப்படிக் கேட்டிருப்பாங்க? நிறையப் பேர் தியேட்டர்லகூட இல்லை. ரெண்டு தெரு தள்ளி, இப்படி ஒரு குழாய் வழியா, ஓரம் லேசா உடைஞ்ச சத்தமா. அந்த உடைசலும் சேர்ந்துதான் அவங்களுக்குத் திருவிழா.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்துது. பேட்டரியில ஓடும், சூடாகாது, வயலுக்குக் கொண்டுபோகலாம். யாருக்குத்தான் பிடிக்காது? எங்க தாத்தாவும் ஒண்ணு வாங்கினார். வால்வு செட் பரணுக்குப் போச்சு.

இப்போ உலகத்துல வால்வு செய்யிற தொழிற்சாலைகள் விரல் விட்டு எண்ணலாம். ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா. 2022 மார்ச்சுல ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்துதுன்னு செய்தி வந்ததும் கிட்டார்காரங்க கடைகளை மொய்ச்சாங்க. பெங்களூருல செஞ்சு மிச்சமான பழைய இஎல்84-களை வெளிநாட்டு வியாபாரிகள் தனியாப் பேர் சொல்லி விக்கிறாங்க. அது வேணும்னா, இந்தியாவுல எங்கேர்ந்து வரும்? கடைச் சரக்கு தீர்ந்தா, எங்க ஆச்சி பரண் மாதிரியான இடங்கள்லேர்ந்துதான்.

சீரிஸ் பல்பு

பிடுங்கலைன்னு சொன்னேன்ல. பதிலா, தென்காசியில முன்னாடி ரேடியோ கடை வச்சிருந்த ஒரு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டிட்டார். இப்போ வீட்டுத் திண்ணையில மிக்ஸி மட்டும் பார்க்கிறார். ஆட்டோவுல பெட்டியை இறக்கினதும் முதல்ல கேட்டார்: "யம்மா, கரண்டு கொடுத்துப் பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"பொழச்ச. அதுவும் பொழச்சுது."

ஏன்னு விளக்கினார். வால்வு அவ்வளவு சீக்கிரம் சாகாது. காகித கண்டென்சர்தான் சாகும். எங்க ஊர் சாரல் ஈரத்துல அது கசிய ஆரம்பிச்சிருக்கும். முன் வால்வோட தகட்டுல இருக்கிற பெரிய வோல்டேஜ் அந்தக் கசிவு வழியா இஎல்84-ஓட வலைக்குப் போயிடும். மடைப் பலகை முழுசாத் திறந்து நின்னுடும். வால்வு சிவந்து எரிஞ்சுபோகும்.

அடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "கரண்டுப் பக்கம் டிரான்ஸ்பார்மர் இருக்கு. நல்லது. சில செட்டுல அது இருக்காது, ஏசி-டிசி செட்டு. லைன் கரண்டு நேரா இரும்புச் சட்டத்துக்கே வந்துரும். அதுல கிட்டாரச் சொருகிக் கம்பியில கை வச்சா, அதோட சரி." இதை நான் எபிசோடுல ரெண்டு தடவை சொன்னேன், இங்கயும் சொல்றேன். வீட்டுல பழைய ரேடியோ இருந்தா நீங்களா பிளக்குல சொருகாதீங்க.

கண்டென்சர் எல்லாம் மாத்த மூணு நாள். வால்வு ஒண்ணுகூட மாத்தலை. நாலாம் நாள் ஒரு பலகையை எடுத்தார். அதுல ஒரு குண்டு பல்பு. கரண்ட் நேரா ரேடியோவுக்குப் போகாம இந்தப் பல்பு வழியாத்தான் போகும். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரிஞ்சு காட்டிக்கொடுக்கும். சுவிட்ச் போட்டார். பல்பு பிரகாசமா எரிஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா மங்கிச்சு. டயல் பக்கத்துல பச்சைக் கண் திறந்துச்சு. அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

ரேடியோ பின்னால கிராமபோன் சொருகுறதுக்குன்னு ரெண்டு ஓட்டை உண்டு. அதுல கிட்டார். நேராச் சொருகினா சத்தம் கம்மி, உடையவும் இல்லை. கிராமபோன் ஊசி கொடுக்கிற அளவு வோல்டேஜ் கிட்டார் கொடுக்காது. நடுவுல ஒரு பூஸ்டர் பெடல் வச்சேன். அப்போதான் நீங்க ஆரம்பத்துல கேட்ட சத்தம் வந்துது.

அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். சுளிச்சார். "ஓவர்லோடு ஆகுது பாரு. வால்யூமைக் குற." நான் சொன்னேன், "அண்ணாச்சி, இந்த உடையிற சத்தத்துக்குத்தான் வெளிநாட்டுல காசு கொடுக்காங்க." அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நாப்பது வருசம் இதப் போக்கத்தான கூலி வாங்குனேன்"னு சொல்லிச் சிரிச்சார். வால்யூமைக் குறைக்கச் சொல்லலை. ஆனா இன்னும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

பெட்டி இப்போ பண்பொழியில, ஆச்சி கட்டில் பக்கத்துல இருக்கு. நான் வாசிச்சப்போ ஆச்சி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "சத்தம் அதேதான். பாட்டுதான் வேற."

இந்த எபிசோடுக்கு ஆராய்ச்சி பண்ணப்போ எனக்கு உறுத்தினது ஒண்ணு. வால்வு திரும்பக் கிடைக்கும். எங்கேயோ செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. எந்தக் கண்டென்சர் கசியும், எந்தச் செட் ஆளைக் கொல்லும்னு பார்த்ததும் சொல்ற அந்தக் கை எங்கயும் விக்கிறதில்லை. அண்ணாச்சிக்குச் சிஷ்யன்னு யாரும் இல்லை. கேட்டேன். "யாரு வருவா? வந்தா என்னத்தச் சோறு திம்பான்?"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. சென்னைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உட்கார்ந்து, அந்த ரேடியோ சர்க்யூட்டை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுல வரைஞ்சேன். அடுத்த சாரலுக்குப் போகும்போது சால்டரிங் அயர்னும் கொண்டுவரச் சொல்லியிருக்கார்.

உங்களுக்கு ஒரு வேலை. ஊருக்குப் போனா பரணைப் பாருங்க. வால்வு ரேடியோ இருந்தா, கரண்ட் கொடுக்காதீங்க, வால்வைப் பிடுங்காதீங்க. பின்னட்டையைக் கழட்டி ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் அந்த ஊர்ல முன்னாடி ரேடியோ ரிப்பேர் பண்ணினவர் யாருன்னு விசாரிங்க. முடிஞ்சா ரெண்டையும் ஒரே இடத்துல உட்கார வைங்க. என்ன சத்தம் வருதுன்னு எனக்கு அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.